பச்சை மதினியும் சிவப்பு நானும்

என் பாசத்துக்கும் சண்டைக்கும் உரிய மதினிக்கு,

உங்கள் காரியம் நல்லபடியாக முடிந்தது. மாலை போட்டு மாட்டும் படத்துக்குத்தான் பெரும்பாடு. கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வீர்கள். ஆதார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சங்கிலி அறுத்துப் போலீசில் மாட்டிக்கொண்ட ஆள் போல இருந்தீர்கள்.

மிச்சமிருந்தது, உங்கள் மகள் செல்வி நம் இருவரையும் சேர்த்து வரைந்த ஓவியம்தான். சிவகாசியில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கு அழகழகாகக் குழந்தைகளை வரைகிறவள், உங்கள் முகத்துக்குப் பச்சையும் என் முகத்துக்கு மிளகாய் வத்தல் சிவப்பும் அடித்து, கண்களை முட்டை அளவுக்குப் போட்டிருந்தாளே!

“ஏட்டி, பெத்த தாயைப் பாம்பு கடிச்ச மாதிரியா வரைவ?” என்றீர்கள்.

“உள்ள இருக்கிறத வரைஞ்சேம்மா.”

“உள்ள பச்சையாவா இருக்கேன்?”

அந்தப் படத்தை வெட்ட அண்ணன் பிரேம் கடைக்காரரைக் கூட்டி வந்தார். “நடுவுல அறுத்து என் வீட்டுக்காரிய மட்டும் குடுங்க.”

அவர் பிளேடும் கையுமாக வெகுநேரம் பார்த்தார். “அண்ணாச்சி, தோளு ரெண்டும் ஒண்ணாக் கெடக்கே. இந்தக் கை யாரது?”

அண்ணன் உங்கள் கை என்றார். நான் என் கை என்றேன். செல்வியைக் கேட்டால், “எனக்கே தெரியல அத்தை. ரெண்டு பேரும் அப்படித்தான ஒட்டி உட்கார்ந்திருந்தீக” என்றாள்.

அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். என் கண்ணில் இருந்தது கோபம் என்றே நினைத்திருந்தேன். இல்லை மதினி, பயம். புருஷனை இழந்து உங்கள் வீட்டுக்கு வந்தவள். போகச் சொல்லிவிடுவீர்களோ என்ற பயத்தில்தான் முந்திக்கொண்டு சண்டை பிடித்தேன். உங்கள் கண்ணிலும் அதே பயம் எதற்கு? நான் கிளம்பிவிடுவேன் என்றா?

“படத்துல யாரும் கை வைக்கக் கூடாது” என்றேன். முழுசாகவே மாட்டினோம். வாங்கிய மாலை பெரிசு. எனக்கும் சேர்த்து விழுந்துவிட்டது.

மறுநாள் துக்கம் கேட்க வந்த உங்கள் வெம்பக்கோட்டைச் சித்தி படத்தைப் பார்த்ததும் மார்பில் அடித்துக்கொண்டார். “நாத்தனாரும் கூடவே போயிட்டாளா! ஒரு வார்த்தை சொல்லலியே!” நான் பின்னாலிருந்து காபியை நீட்டினேன். செருப்பைக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். நீங்கள் போன பிறகு அண்ணன் அன்றுதான் சிரித்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குத் தனியாக ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம் என்கிறார். வேண்டாம் என்றுவிட்டேன். என் முறை வரும்போது மாலையை மட்டும் மாற்றினால் போதும். அதுவரை இந்த வீட்டை விட்டு எங்கும் போகமாட்டேன். இது சத்தியம்.

கடைசிவரை நீங்கள் போகச் சொல்லாத நாத்தனார்,
மாரியம்மாள்