ஆளில்லாத வீட்டுத் தோடு

செவ்வாய், ஜூன் 10

காலையிலிருந்தே வெயில். புகைமூட்டம் வேறு. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. கிளினிக் போகவில்லை.

என் மகன் தினேஷ், போர் நடக்கும் ஊரில் ஒரு வீட்டிலிருந்து திருடிய தோட்டை, தன் அக்காள் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீராக அனுப்பியிருக்கிறான். நடந்தது இதுதான். வேறு மாதிரி சொல்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கொண்டுவந்தவன் ஒரு சிரம்பான்காரன். தினேஷ் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கும் வெளிநாட்டுப் படையில் அவனோடு ஒப்பந்தத்துக்கு இருந்துவிட்டுத் திரும்பியவன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் தம்போய் வரை வந்து ஒரு டப்பாவை வீட்டில் கொடுத்தான். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடை. டீ குடித்தான். அதிகம் பேசவில்லை. என் மனைவி சரோஜா டப்பாவைத் திறந்து தோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தங்கம்தான். நடுவில் நீலக்கல்.

இன்றுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு தோட்டின் கொக்கியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கிறது. பிள்ளைக்குக் காது புண்ணாகாமல் இருக்க யாரோ சுற்றியது. நூல் அழுக்கேறிக் கறுத்துவிட்டது. புதுத் தோட்டில் அழுக்கு நூல் எப்படி வரும்?

மாலையில் தினேஷே அழைத்தான். கேட்டேன்.

"கடையில வாங்குனியா?"

"இங்க ஏதுப்பா கடை? எல்லாம் ஒடஞ்சி கெடக்கு."

"அப்ப ஏது?"

"ஒரு வீட்ல இருந்துச்சி. ஆள் இல்லாத வீடுப்பா. நான் எடுக்கலன்னா அடுத்தவன் எடுத்திருப்பான்லா."

"அந்த வீட்டு ஆளுங்க எங்க?"

"அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். இரண்டு தரம்.

புதன், ஜூன் 11

மழை வருவதுபோல் இருட்டி, வரவில்லை.

மருமகன் குணா பேனர் கொண்டுவந்து ஹாலில் விரித்தான். ஒரு பக்கம் பேத்தி யாழினி, பட்டுப்பாவாடை. இன்னொரு பக்கம் தினேஷ், சீருடை, கையில் துப்பாக்கி. கீழே "வீரத் தாய்மாமன்" என்று பொன் எழுத்து. பெண்பிள்ளை சடங்குக்குத் துப்பாக்கிப் படம்.

"நல்லாருக்கா மாமா? பிரிண்ட் கடக்காரரு சீனரு. ஒரு எழுத்துகூட தப்பு இல்ல பாருங்க."

"ஆளே தப்பு" என்றேன்.

சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

பிறகு டீ குடிக்க ஒட்டுக்கடை. அங்கே இரண்டு கட்சி. ஒருவர், "பாவம்ணே, ஏஜெண்டு ஏமாத்தி படையில சேத்து விட்டுட்டான்" என்கிறார். இன்னொருவர், "உங்க மவன் அங்க பெரிய ஆளாமே!" இரண்டும் பொய். யாரும் அவனை ஏமாற்றவில்லை. சிங்கப்பூரில் செக்யூரிட்டி வேலை இருந்தது. அவன் படையில் சேரப்போகும் நாடு பக்கத்து நாட்டுக்குள் புகுந்து அடிக்கிறது என்று பேப்பரைக் காட்டிச் சொன்னேன். (அந்த நாட்டின் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.) "கேட்ல நின்னு எத்தன வருசம் கார் நம்பர் எழுதறது? அங்க போனா மனுசனா மதிப்பான்" என்றான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். பிடிக்காத கல்யாணத்துக்குப் போனவன்போல நான் சும்மா நின்றேன் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கே கத்தினேன்.

டீயில் சீனி அதிகம். பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

வியாழன், ஜூன் 12

தோட்டை எடுத்து என்னிடம் வைத்துக்கொண்டேன். டப்பா மட்டும் அலமாரியில். சரோஜா பார்த்துவிட்டாள்.

"எங்க வெச்சீங்க?"

"வைக்க வேண்டிய எடத்துல."

"ஞாயித்துக்கெழம புள்ள காதுல போடணும்."

"என் உசுரு இருக்கற வரைக்கும் முடியாது."

கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் போடவில்லை. அதுதான் மோசம்.

"நாளைக்கே அவன் செத்துப்போயிட்டான்னா? இதுதான அவன் கடைசியா குடுத்தது. ஒடம்புகூட வராது. எத வெச்சி அழுவேன்? உங்க நேர்மைய வெச்சா?"

தோட்டைக் கொடுக்கவில்லை.

லாயாங் லாயாங் ஊரில் நாங்கள் வேலை பார்த்த தோட்டம் கைமாறி எங்கள் லயத்து வீட்டைக் காலி செய்த அன்று, முதல் நடை லாரியில் சாமான் போனது. லாரி திரும்பி வருவதற்குள் மிச்சம் இருந்ததெல்லாம் காணோம். அம்மாவின் பித்தளைக் குடம், அம்மிக்கல்லின் குழவி. குழவியைக்கூட! எடுத்தவன் எங்கள் ஆள்தான். பல வருடம் கழித்துக் குளுவாங்கில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஆளு இல்லாத வீடுன்னு நெனச்சேன் தம்பி." வாயில் இருந்த சோற்றைத் துப்பிவிட்டு எழுந்தேன்.

இப்போது அதே பேச்சு என் மகன் வாயில். எங்கே போய்த் துப்புவது?

வெள்ளி, ஜூன் 13

கிளினிக் போனேன். மாத்திரை வாங்கியாயிற்று. பிரஷர் ஏறியிருக்கிறதாம். டாக்டர், "வீட்ல ஏதும் டென்ஷனா அங்கிள்?" "சடங்கு" என்றேன். தலையாட்டினார்.

தையல்காரரிடம் சட்டை. கழுத்து இறுக்கம். திருப்பிக் கொடுத்தேன்.

மதியம் தினேஷிடமிருந்து சரோஜாவுக்குக் குரல் செய்தி. மேசைமேல் வைத்து எனக்குக் கேட்கும்படி போட்டாள்.

"அம்மா, அப்பா சீரு வெக்க விடலன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன். அவருகிட்ட சொல்லிருங்க. அவ்ளோதான்."

பின்னால் யாரோ தகரத்தை அடிப்பதுபோல் சத்தம். தகரம் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னா சொல்றீங்க?"

"கேட்டேன்னு சொல்றேன்."

கோவிலுக்குத் தனியாகப் போனாள். அவன் பெயருக்கு அர்ச்சனை செய்திருப்பாள். செய்யட்டும். இரவு சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, கூப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். மீன் குழம்பு. சாப்பிட முடியவில்லை, நாறியது. மீன் நல்ல மீன்தான்.

சனி, ஜூன் 14

மகள் மாலதி வீட்டுக்குப் போனேன். வாசலில் பேனர் ஏறிவிட்டது. குனிந்துகொண்டே உள்ளே நுழைந்தேன்.

"ஒரு நாள் போட்டுட்டுக் கழட்டிடறோம்ப்பா. வீடியோ எடுத்து அவனுக்கு அனுப்பணும். கூப்பிடறத நிறுத்திட்டான்னா அம்மா தாங்காது."

"திருட்டுப் பொருள ஒரு நாள் போட்டாலும் திருட்டுதான்."

அதற்குள் யாழினி வந்தாள், கை முழுக்க மருதாணி. "அந்தத் தோடு வேணாம் தாத்தா. அது நீலம். என் செட்டு பச்சை, மேட்ச் ஆவாது." பிறகு, "யாரோடது அது?"

சொன்னேன். உன் வயதுப் பிள்ளையுடையதாக இருக்கும், உன் மாமன் அந்த வீட்டில் எடுத்தான் என்று.

"புள்ளகிட்ட இதெல்லாம் சொல்லுவாங்களாப்பா?" மாலதி சீறினாள்.

"காதுல போடலாம், காதுல விழக்கூடாதா?"

டீ கொடுத்தாள். குடிக்காமல் வந்தேன்.

ஞாயிறு, ஜூன் 15

மண்டபம். கூட்டம். ஏர்கான் பாதி வேலை செய்யவில்லை.

சீர்த்தட்டுகளை உறவுப் பெண்கள் வரிசையாகத் தூக்கி வந்தார்கள். சரோஜா கையில் முதல் தட்டு. அதன் நடுவில் அந்த டப்பா. மூடியபடி. உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வீடியோவில் டப்பா தெரிந்தால் போதும், மகன் கூப்பிடுவான் என்று நினைத்திருக்கிறாள்.

மைக் பிடித்தவன் விடவில்லை. "போர்முனையிலிருந்து நம் வீரத் தாய்மாமன் அனுப்பிய தங்கத் தோடு!" கைதட்டல். விசில்கூட. குணாவின் அம்மா, "தெறந்து போட்டு விடுங்க சம்பந்தி, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். சரோஜா டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படி நிற்கவிட முடியாது.

எழுந்து மேடைக்குப் போனேன். மைக்கை வாங்கவில்லை, என் குரலே போதும்.

"டப்பா காலி. நான்தான் எடுத்தேன். அவ மேல தப்பு இல்ல. அது என் மவன் வாங்குன தோடு இல்ல. யாரோ வீட்டுப் புள்ளயோடது. திருடிட்டு வந்தது."

"மாமா, மானத்த வாங்காதீங்க. வாங்க, உக்காருங்க." குணா கையைப் பிடித்தான்.

"அலமாக், அடடா, பெருசுக்கு சுகர் ஏறிருச்சி போல" என்று பின்வரிசையில் யாரோ. சிரிப்பு. பாட்டைச் சத்தமாகப் போட்டார்கள். சிரித்த வாயோடு அப்படியே பிரியாணிக்குப் போனார்கள்.

ஒருவராவது வந்து, "யாருடைய பிள்ளை, என்ன ஆனாள்?" என்று கேட்கவில்லை.

சரோஜா என் காரில் ஏறவில்லை.

திங்கள், ஜூன் 16

மழை. நல்ல மழை.

மண்டபத்து வீடியோ அவனுக்குப் போய்விட்டதாம். பார்த்துவிட்டானாம். அழைப்பு இல்லை. சரோஜா காலையில் வந்து சேர்ந்தாள். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சிரம்பான்காரனுக்குப் போன் போட்டு, தோடு எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டேன். "ஊர் பேரு தெரியும் அங்கிள். ஆனா அந்த ஊரு இப்ப இல்ல." வைத்துவிட்டான்.

இனி ஆக வேண்டியவை:

குணா: வாசல் பேனரை இறக்க வேண்டும். இறக்காவிட்டால் ஏணியோடு நான் போவேன்.

மாலதி: மண்டபத்து வீடியோவை அழிக்கக் கூடாது. நான் பேசியதை வெட்டவும் கூடாது.

சிரம்பான்காரன்: ஊர்ப் பெயர், தெரு, பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாம் சொல்ல வேண்டும். ஊர் இல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் எங்காவது இருப்பார்கள். சொல்லும்வரை போன் போடுவேன்.

சரோஜா: சாப்பிட வேண்டும். என்னோடு பேச வேண்டியதில்லை.

நான்: தோட்டை யார் அழுதாலும் கொடுக்கக் கூடாது.

தினேஷ்: கூப்பிட வேண்டாம். வர வேண்டும். கை கால் எப்படி இருந்தாலும் சரி, வந்து என்னிடம் தோட்டை வாங்கிக்கொண்டு, அந்தப் பிள்ளையைத் தேடிப் போய், எடுத்த கையாலேயே கொடுக்க வேண்டும். அதுவரை அவன் சாகக் கூடாது.