எஞ்சின் மூடியில் வைத்த கை

நண்பரே,

காலையிலிருந்து வீடெல்லாம் டீசல் வாடை. சன்னலைச் சாத்தியும் போகவில்லை. சிம்பாங் ரெங்கத்தில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டில் சூரிய மின் நிலையம் வரப்போகிறது. கம்பெனியிடம் இருப்பது முன் அனுமதி மட்டும், உரிமம் இனிமேல்தான். அதற்குள் மேட்டில் மண்வாரி இயந்திரம் வந்துவிட்டது. மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஆராயாமல் மேட்டை வெட்டினால், கீழே இருக்கும் வீடுகளுக்குள் வெள்ளம் புகும்.

"நீங்கதானே அனுமதி குடுக்கிற ஆபீஸ்ல இருந்தீங்க, வந்து ஒரு வார்த்த கேளுங்க அங்கிள்" என்று பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். உடனே உங்களைத்தான் தேடியது மனம்.

அனுமதிப் பிரிவில் நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில், எந்த இடத்துக்குப் போனாலும் நான் காகிதங்களைப் பிரிப்பேன். நீங்கள் நேரே இயந்திரத்திடம் போவீர்கள். குளுவாங் பக்கம், ஆற்றோரத்தில் ஒரு சின்ன நீர்மின் திட்டம்; அதற்கும் முன் அனுமதி மட்டும்தான். "இன்னும் தொடங்கவே இல்ல, பாஸ்" என்றார் மேலாளர். நீங்கள் அங்கே நின்ற மண்வாரியின் எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்து, வெடுக்கென்று எடுத்தீர்கள்.

"அலமாக்! இதுல தோசை சுடலாம் போலிருக்கே!"

மேலாளரே சிரித்துவிட்டார். வேலை அன்றே நின்றது.

திரும்பும் வழியெல்லாம், நாம் செய்தது விதிப்படி சரிதானா என்று நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "முன் அனுமதின்னா பொண்ணு பார்க்கப் போற மாதிரி லா. பலகாரம் சாப்பிடலாம், தாலி கட்டக் கூடாது. இதுக்கு ஏன்யா இவ்ளோ பயப்படுற?" என்றீர்கள்.

இன்று கேட்க நீங்கள் உயிரோடு இல்லை. கிளம்புமுன் விதிகளை மறுபடி படித்தேன். அளக்கலாம், ஆராயலாம், முன் அனுமதி இருக்கும்வரை வேறு யாரும் அந்த இடத்தைக் கேட்க முடியாது. வெட்டவோ கட்டவோ கூடாது. தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும், நான் ஓய்வு பெற்றபின் எனக்குத் தெரியாமல் ஏதாவது மாறியிருக்குமோ?

மேட்டில் இளம் மேற்பார்வையாளர் ஒருவர் நின்றிருந்தார். "சும்மா நிப்பாட்டி வச்சிருக்கோம், அங்கிள். மண்ண டெஸ்ட் பண்ணத்தான்."

எஞ்சின் மூடியில் கையை வைத்தேன். சுட்டது.

"தம்பி, இது பார்க்கிற அனுமதி. வெட்டுற அனுமதி இல்ல." உங்கள் தோசைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது, சொல்லத் துணிவில்லை. அவர் என் கையையே பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டுப் பேசிவிட்டு, மண்வாரியின் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இன்றைக்கு நின்றிருக்கிறது. நாளைக்கு? மேற்கே வானம் கறுத்து வருகிறது. உட்கார முடியாமல் சன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன். கையைக் கழுவிப் பார்த்தேன்; அந்தச் சூடு போகவில்லை. விடிந்ததும் இதே கையோடு மறுபடி மேடேற வேண்டும்.