அப்பா சேராத ஜிம்

ஜூன் 4

வேலை கிடைத்ததும் வீட்டை மறந்த அக்கா மகாராணிக்கு,

இங்கே அனைவரும் நலம், என்னைத் தவிர. போனில் சொல்லலாமென்றால், அப்பாவின் காது மூடிய கதவுக்குப் பின்னாலும் வேலை செய்யும். அதனால்தான் கடிதம்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஜிம்மிலிருந்து அப்பாவுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒரு வருட உறுப்பினராகச் சேர்ந்தாராம், சந்தா பாக்கியாம், கட்டாவிட்டால் கோர்ட்டாம். ஜம்மென்று உட்காரத் தெரிந்த மனுஷருக்கு ஜிம்மா! விழுந்து விழுந்து சிரித்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"நான் உங்க படிகூட ஏறினதில்லைங்க" என்று அப்பா நேரில் போய்ச் சண்டை போட்டார். மேனேஜர் ஒப்பந்தத்தை நீட்டினாராம். அதில் அப்பாவின் கையெழுத்து, கடைசிச் சுழி உட்பட அச்சு அசல். வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்தார். ரேங்க் கார்டில் அவர் கையெழுத்தைப் போட்டவன், அவர் ஆபீசுக்கு அவர் பெயரிலேயே லீவு லெட்டர் அனுப்பியவன் வேறு யார்? சந்தா அவர் பெயரில், சந்தேகம் என் பெயரில்.

சத்தியமாக இந்தத் தடவை நான் இல்லை அக்கா. நீ சொன்னால் அப்பா நம்புவார். ஒரு வார்த்தை சொல்லேன்.

செய்யாத தப்புக்கு முதன்முதலாக மாட்டிக்கொண்ட,
வாலு

ஜூன் 12

என் வாலுப் பயலுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையதுடா.

உடம்பை அசைக்கும்படி டாக்டர் சொன்னதற்கு, "பாக்கலாம் பாக்கலாம்" என்றே அப்பா ஓட்டினார் இல்லையா? முதல் மாதம் இலவசம், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம் என்றார்கள் ஜிம்காரர்கள். அவர் பிறந்தநாளன்று சொல்ல நினைத்து, ஜிம் வாசலிலேயே நின்று நானே போட்டுக் கொடுத்தேன். உனக்கு அந்தச் சுழியைக் கற்றுக்கொடுத்ததே நான்தானே.

அதற்குள் இந்த வேலைக்காக அவரோடு சண்டை. பேசாமலே பஸ் ஏறினேன். ரத்து செய்ய மறந்தே போனேன்.

போன வாரம்தான் அப்பா போன் செய்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். நான் கிளம்பிய பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. இப்போது போய் இதை எப்படிச் சொல்ல? சம்பளம் வந்ததும் நானே சொல்லி, நானே கட்டிவிடுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளடா.

அக்கா

ஜூன் 20

அக்காவுக்கு,

சொல்லாதே. நான் சொல்லிவிட்டேன், நான்தான் என்று.

பக்கத்து வீட்டு வக்கீல் மாமாவிடம் விசாரித்தேன். பதினெட்டு நிரம்பாத என் வயதுப் பையன் போட்ட கையெழுத்து செல்லாதாம். அப்படியே ஜிம்மில் எழுதிக் கொடுத்தேன். இரும்பைத் தூக்கித் தன் காலிலேயே போட்டுக்கொண்டவர் மாதிரி விழித்தார் மேனேஜர். பாக்கி எதுவும் இல்லையென்று கடிதமும் வந்தாயிற்று.

அப்பா அதைப் படித்துவிட்டு, "இந்த ஒரு தடவையாவது உண்மையச் சொன்னியே" என்றார். பிறகு என்னிடம் பேசவில்லை.

உன்னைப் பார்க்க வர டிக்கெட் எடுத்துவிட்டார். மனசு கேட்காமல் எதையும் உளறிவிடாதே. உளறினாலும் நம்பமாட்டார். நான்தான் உன்னைச் சொல்லவைத்தேன் என்பார்.

முன்பெல்லாம் நான் எதையாவது செய்துவைத்தால், மூச்சு வாங்க மாடியேறி என் அறைக்கு வந்து திட்டுவார். அவர் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான் அக்கா. இப்போது அதையும் நிறுத்திவிட்டார்.

வாலு