காலியாக இருந்த கை

அன்புள்ள யார்மிலா,

நீயும் நம் மகள் பார்போராவும் நலம்தானே? அவள் மணிக்கட்டு இன்னும் வலிக்கிறதா?

எங்கள் பனிச்சறுக்குக் கடைக்கு, சறுக்கும்போது ஊன்றிக்கொள்ளும் கம்புகள் புது மாதிரியாக வந்திருக்கின்றன. ஒரு ஜோடியைச் சேர்த்துப் பூட்டினால், வீட்டில் அத்தனை பேருடைய சறுக்குப் பலகைகளையும் ஒரே தோளில் மாட்டிக்கொள்ளலாம். நேற்று ஒரு குடும்பத்துக்கு அப்படி மாட்டிக் காட்டியபடி நடந்தேன். அவர்களுடைய சின்னப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"மாமா, வழுக்குது. விட்டுடாதீங்க."

"எங்க கையவே பிடிக்க மாட்டா இவ," என்றாள் அவள் அம்மா. நானும் சிரித்து வைத்தேன்.

போன வருடம் பார்போரா விழுந்தபோது என் இரண்டு கையிலும் பலகைகள்தான் இருந்தன.

கம்பளிக் காலுறை அனுப்பு. அவள் உயரத்தை அளந்து எழுது. கம்பு அந்த அளவுக்குத்தான் வாங்க வேண்டும். கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன். இனிப் பனிப்பக்கமே வரமாட்டேன் என்று அவள் சொன்னால், அதை மட்டும் எழுதாதே.

உன்
ராடோவன்