அடுத்த வாரம் உனக்கு மீசை

மாப்ள,

ஈரேழு பதினான்கு உலகமும் சாட்சியாகச் சொல்கிறேன், இந்தக் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நம்புகிறவரை உடனே வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டும்.

இன்று காலை சூலூர் பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். டிவியில் நம் பழைய காமெடி நிகழ்ச்சி. நான் புருஷன் வேஷம், நீ பொண்டாட்டி வேஷம், எழுதியதும் நானே. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துடைப்பத்தோடு என்னைத் துரத்துகிறாய். பப்ஸ் தின்றுகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பில் புரை ஏறியது. நீ செத்துப்போனது அங்கே ஒருவருக்கும் ஞாபகமில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சேலை கட்டி நீ இடுப்பை ஒடித்தால், தாராபுரத்தில் அமராவதி ஆறு ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடும். காங்கேயம் காளைகள் வெட்கத்தில் தலையைத் தொங்கப்போடும். உன்னைப் பெண் கேட்டு வந்த ஜாதகங்களை அள்ளிப்போகச் சேனல்காரர்கள் லாரி பிடித்தார்கள்.

ஆனால் மேக்கப் அறையில் முகத்தை மழிக்கும்போதெல்லாம் நீ கேட்டது ஒன்றுதான்.

"ஏனுங் மாமா, ஒரே ஒருக்கா மீசை வெச்ச வேசமா எழுதிக் குடுங்க. உனக்கு ரெண்டு அம்மாவான்னு எம்பொண்ணப் பள்ளிக்கூடத்துல கேக்கறாங்களாமா."

"அடுத்த வாரம் எழுதிப்போடறேன் மாப்ள. இப்பத்திக்கு முந்தானைய நேரா வெச்சுப் பின்னு குத்து."

எழுதவில்லை. சேலைக்குத்தான் சிரிப்பு வருகிறது என்கிறார்கள் என்று சேனல்மேல் பழியைப் போட்டேன். காரணம் வேறு. சேலையிலேயே என்னைத் தூக்கிச் சாப்பிடுகிறவன் நீ, மீசையோடு வந்தால் புருஷன் வேஷத்தையும் கொண்டுபோய்விடுவாய் என்ற பயம்.

ஒரு திங்கட்கிழமை மீசையோடு வந்து நின்றாய். மீசையின் ஒரு முனை சூலூர் விமானப்படைத் தளத்தில், மறு முனை திருப்பூர் ரோட்டில். ஓடுபாதை என்று நினைத்து அதில் ஒரு விமானம் இறங்கப் பார்த்தது.

"அடுத்த வாரம்னீங்கல்லங் மாமா" என்றாய்.

"மீசையோட உன்னைய எவன் பாப்பான்?" என்று ரேசரை எடுத்து நீட்டினேன். அறையே சிரித்தது. நீயும் சிரித்துக்கொண்டேதான் மழித்தாய்.

அதற்கப்புறம் நீ கேட்கவேயில்லை. ஒருநாள் நெஞ்சுவலி என்றாய். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டாய்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு உன் மனைவி என்னிடம் படம் கேட்டாள். "ஊட்டுல இருக்கறது கல்யாணப் படந்தானுங்ணா. இப்பத்த மொகமே அதுல இல்ல." என் போனில் நீ இருந்ததெல்லாம் சேலையில். அதில் ஒன்றை பிளக்ஸ் கடைக்காரனுக்கு அனுப்பி, "கம்ப்யூட்டர்ல சட்டையும் மீசையும் போட்டுடு கண்ணு" என்றேன். போட்டான். நெற்றிப் பொட்டை எடுக்க மறந்துவிட்டான்.

வீதியெல்லாம் மீசையும் பொட்டுமாக நீ. துக்கத்துக்கு வந்தவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கிழிக்கப் போனேன். உன் மனைவி தடுத்தாள்.

"உடுங்ணா. மீசை அவருக்கு எத்தன நல்லா இருக்குது பாருங்க."

இப்போது எது எழுத உட்கார்ந்தாலும் முதல் வரியில் ஒரு மீசைக்காரன் வந்து நிற்கிறான். அவனுக்கு என்னால் ஒரு வசனம்கூட எழுத முடியவில்லை.

ஆறு, காளை, லாரி, விமானம் எல்லாம் நான் அளந்தது. உன் மீசையும் அத்தனை நீளமில்லை மாப்ள, ஒரு வாரத்து முளைதான். என் பேச்சை நம்பி அதை வளர்த்துக்கொண்டு வந்தாயே, அது மட்டும் நிஜம்.