தவசிக்குப் பால்

ஏலக்காட்டு லயம்,
போடிமெட்டுக்கு மேல்.
22-10-1979

அன்புள்ள பொன்னுமணி அக்காவுக்கும் கோட்டைச்சாமி மச்சானுக்கும் தங்கை சோலையம்மாள் வணங்கி எழுதுவது.

எல்லோரும் சுகம் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. உன் பிள்ளை கண்ணை மூடிய அன்று ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழக்கூட எனக்கு லீவு கொடுக்கவில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் என் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே அக்கா.

இங்கே ஏலக்காய் பறிப்பு மும்முரம். பிள்ளை பெற்று மூன்று மாதம் முடிந்ததுமே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பேர் போட்டால்தான் லயத்தில் வீடு. அதனால் தவசியை ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போகிறேன். அத்தனை பிள்ளைகளையும் ஜக்கம்மாள் என்கிற அம்மா ஒருத்தியாகப் பார்க்கிறாள். நல்லவள்தான். ஆனால் அவளிடம் இருப்பது சீனித் தண்ணீரும் டப்பாப் பாலும்.

கீழ்க்காட்டில் பறித்தவரை கஷ்டம் தெரியவில்லை. பழைய கங்காணி, பால் கொடுக்கிறவர்களைக் காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, "போய்ட்டு வெரசா வாங்க ஆத்தா" என்று விட்டுவிடுவார். இப்போது பறிப்பு மேல்காட்டுக்குப் போய்விட்டது. புதுக் கங்காணி திருப்பதி ஒருத்தியையும் இறங்க விடுவதில்லை. என்னைப் போலக் கைப்பிள்ளை வைத்திருக்கிற முனியாயி, பால் கொடுக்கத் தாயை விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே என்று கேட்டுப் பார்த்தாள். "சட்டம் கீழ போடியில இருக்கும். இங்க மழைக்கு முந்தி காய் எறங்கணும். நீங்க எறங்கி ஏறுறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்றான். பிள்ளைகளை மேலே கொண்டுவந்து மரத்தில் தொட்டில் கட்டிக்கொள்கிறோம் என்றோம். அட்டை கடிக்கும், மருந்தடித்த காடு, ஒன்று ஆகிவிட்டால் எஸ்டேட்டுக்குப் பழி என்று அதையும் தடுத்துவிட்டான்.

உச்சிப்பொழுதானால் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து குளிரில் உடம்போடு ஒட்டும். செடி மறைவில் உட்கார்ந்து மண்ணில் பீச்சிவிட்டுத்தான் மறுபடி கூடையை எடுப்பேன். முனியாயியும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். இப்போது அந்தக் கஷ்டமும் இல்லை அக்கா. பால் வற்றிக்கொண்டு வருகிறது. சாயங்காலம் ஓடிவந்து மார்பில் போட்டால் நாலு வாய் இழுத்துவிட்டு வீறிட்டு அழுகிறான்.

போன வாரம் அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. தண்ணீர் கொண்டுவந்த ராமுத்தாய், "ஒம் மகன் கண்ணே தொறக்கலடி" என்றாள். கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் கங்காணி கத்தினான். சரிவில் சறுக்கி விழுந்து முழங்கையெல்லாம் உரிந்துவிட்டது. கொட்டகையில் ஜக்கம்மாள் மடியில் துவண்டு கிடந்தான். அழ வாயைத் திறக்கிறான், சத்தம் வரவில்லை. மார்பை வைத்தேன், கவ்வத் தெம்பில்லை. இருந்த பாலைச் சொட்டுச் சொட்டாக உதட்டில் பீச்சினேன். வெகுநேரம் கழித்துத்தான் விழுங்கினான். கம்பவுண்டர் வந்து பார்த்து, "டப்பாப் பால நிறுத்துங்க. தாய்ப்பால் இருந்தாத்தான் பிள்ள தங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கங்காணி அன்றைய கூலிக்கணக்கில் என் பேரை அடித்துவிட்டான். இன்னொரு தடவை இறங்கினால் வீட்டையும் காலி செய்யவேண்டுமாம். என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீசுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். பறிப்பு முடியட்டும், பார்க்கலாம் என்றார்களாம். பறிப்பு முடியத் தை ஆகிவிடும். அதுவரை இவன் எப்படி அக்கா?

கேட்கக் கூடாததைக் கேட்கப் போகிறேன். உனக்குப் பால் கட்டிக் காய்ச்சலாம். வற்றுவதற்கு மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார்களாம். ஜீப்பு ஓட்டுகிற ஜக்கையன் அண்ணன் சம்சாரம் சொன்னாள். இந்தக் கடிதத்தை அண்ணனிடம்தான் கொடுத்துவிடுகிறேன். நீ சரி என்றால் பிள்ளையையும் அவர் ஜீப்பிலேயே அனுப்பிவிடுவேன். உன் காலில் விழுகிறேன் அக்கா. அந்தப் பூவை வைத்துக் கட்டாதே.

இப்படிக்கு,
உன் தங்கை
சோலையம்மாள்


ராசிங்காபுரம்,
25-10-1979

தங்கை சோலையம்மாளுக்கு அக்கா பொன்னுமணி எழுதுவது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் தவசிக்கும் அம்மன் துணை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மச்சானிடம் கொடுத்தேன். படித்தார். தோட்டத்துப் பக்கம் போனவர் திரும்பி வந்து, "கெளம்பு புள்ள. இங்க சோலிய நான் பாத்துக்கிறேன்" என்றார்.

தவசியை இங்கே அனுப்பாதே. இருக்கிற உடம்புக்கு மலை வளைவுகளில் ஜீப்பில் ஆடி வர அவன் தாங்க மாட்டான். சனிக்கிழமை நானே வருகிறேன். பறிப்பு முடிகிறவரை உன் லயத்தில் இருந்து நானே அவனுக்குப் பால் கொடுப்பேன். நாளைக்கு ஜக்கையன் அண்ணன் இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்ததும் முனியாயியின் கையைப் பிடித்தாவது அவள் பாலில் ஒரு வாய் வாங்கிக் கொடு. டப்பாவைத் தொடாதே.

மத்தியானத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேல்காட்டுக்கே வருவேன். அவன் வாய் வைத்து இழுத்தால்தான் உனக்கும் திரும்ப ஊறும். கங்காணி வந்து கேட்கட்டும். நான் அங்கே பேர் போட்டவள் இல்லை. என் பேரை எதிலிருந்து அடிப்பான்?

ஆனால் எனக்குப் பயமாகவும் இருக்கிறது சோலை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். தொட்டில் கட்டியிருந்த விட்டத்தை நான் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தவசியை மடியில் வாங்கும்போது நான் அழுதால் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொள்ளாதே. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவேன். அவன் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். தூக்கக் கலக்கத்தில் நான் வேறு பெயர் சொல்லி அவனைக் கூப்பிட்டால் மட்டும், நீ காதில் வாங்காதே.

அக்கா
பொன்னுமணி