சகலை, உன் படகை வாங்கியாச்சு

என் அருமைச் சகலை பாஸ்கருக்கு,

மொதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்குறேன். ஞாயித்துக்கிழமை ஆனா நீ என் போனுக்கு ஒரு படகு வீடியோ அனுப்புவ. எனக்கு இங்கிலீஷ் ஓடாதுன்னு, கூடவே ஒரு வாய்ஸ் போட்டு, "அண்ணே, இது என்னன்னா"ன்னு தமிழ்ல விளக்கிச் சொல்லுவ. நான் உடனே கட்டைவிரல் போட்டுடுவேன். அண்ணன் பார்த்துட்டாருன்னு நீயும் சந்தோஷப்படுவ. சகலை, அதுல ஒண்ணைக்கூட நான் திறக்கல. கறிக்கடை வரிசையில நின்னுகினு விரலை அமுக்கினதோட சரி.

உனக்கு ரெண்டாம் வருஷம் வருதுன்னு, சேக்காட்டுல உங்க அபார்ட்மெண்ட்காரங்க அவங்க சங்கத்து மலர்ல ஒரு பக்கம் ஒதுக்கினாங்க. போட்டோ போட்டு, கீழ கண்ணீர் அஞ்சலின்னு எழுதிடலாம்னாங்க. நான்தான் வேணாம்னேன். பாஸ்போர்ட் சைஸ்லயே நீ முறைச்சுகினு இருப்ப. முழுப் பக்கம்னா பசங்க பயந்துடும். அதுக்குப் பதிலா நான் ஒரு கடுதாசி எழுதறேன்னு சொல்லிட்டேன். அஞ்சாவது தாண்டாதவன் எழுத்து. தப்பு இருந்தா படிக்கிறவங்க திருத்திக்கட்டும்.

நீ நெஞ்சைப் புடிச்சுகினு போய்ச் சேர்ந்து அப்போ ஆறு மாசம் இருக்கும். ஒரு மதியம் பட்டறையில கரண்டு இல்ல. தண்ணி டேங்குக்கு ஃபைபர் ஒட்டுற வேலை அப்படியே நிக்குது. சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுகினு, சும்மா போனை நோண்டினேன். உன் பேரு வந்துச்சு. ஒண்ணை அமுக்கினேன். சோறு ஆறிப்போச்சு. நாப்பத்தொண்ணு இருந்துச்சு சகலை, நாப்பத்தொண்ணையும் கேட்டு முடிச்சேன்.

"அண்ணே, இதுக்கு மூணு உடம்பு. நடுவுல பெருசு ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒல்லியா ரெண்டு. அதுங்க ரெண்டையும் மடக்கினா டிரெய்லர்ல ஏறிடும். உங்க லோடு வண்டியிலயே கட்டி இழுத்துட்டுப் போயிடலாம். தண்ணியில இறக்கி விரிச்சா, ரெண்டு குடும்பமும் காலை நீட்டி உட்காரலாம்." இப்படியே போவுது. இன்னொண்ணுல, "புதுசு வேணாம்ணே, பழசு போதும். ஃபைபர் வேலைக்குத்தான் நீங்க இருக்கீங்களே"ங்குற. என்னை நம்பி ஒரு படகையே மனசுக்குள்ள வாங்கி வெச்சிருக்க. நான் உனக்கு விரலைக் காட்டிகினு இருந்திருக்கேன்.

அதுல ஒண்ணையாவது அப்பவே கேட்டிருந்தா, நீ இருக்கும்போதே வாங்கியிருப்போமா?

இப்போ உன் ஊட்டுக்காரி உமா சேதி. உன் காரியம் முடிஞ்சதுலேர்ந்து அவ வேலைக்குப் போவா, வருவா, கதவைச் சாத்திக்குவா. ஒரு கல்யாணம் கிடையாது, கோயில் கிடையாது. மேனாம்பேட்டுல இருக்குற எங்க ஊட்டுக்குக்கூட வரல. அவ அக்கா, என் ஊட்டுக்காரி குணா போன் பண்ணினா, "தலைவலிக்கா"ம்பா. ரெண்டு வருஷமா ஒருத்திக்குத் தலைவலிக்குமா? இந்த வாய்ஸை எல்லாம் அவளுக்குக் குடுக்கலாமா, குடுத்தா இன்னும் உள்ள போயிடுவாளான்னு தெரியாம, ஒரு வருஷத்துக்கு மேல பாக்கெட்டுல வெச்சுகினு சுத்தினேன். படகு எனக்குப் பெருசில்ல சகலை. அவ வாசலைத் தாண்டணும். அதுக்கு ஒரு சாக்கு வேணும்.

சாக்கு கோவளத்துல கிடைச்சுது. என் பட்டறைக்கு ஃபைபர் ஒட்டுற ரெசின் கொண்டாந்து போடுற ஆளு சொன்னாரு, அங்க ரிட்டயர்டு கப்பல் கேப்டன் ஒருத்தர் பழைய படகு விக்கிறாரு, முட்டி போயிடுச்சாம், மூணு உடம்புப் படகாம்னு. நான் நேரா சேக்காட்டுக்குப் போய் நின்னேன்.

"உமா, பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்ல கீது. நீ வந்து படிச்சு மட்டும் சொல்லிடு."

"அக்காவைக் கூட்டிட்டுப் போங்க மாமா."

"உங்கக்கா படிச்ச இங்கிலீஷை நம்பினா, நான் கையெழுத்து போட்டுட்டு அந்த ஆளோட முட்டியையும் சேர்த்து வாங்கிகினு வந்துடுவேன்."

உள்ள போனா. கண்ணாடியை எடுத்துகினு வந்தா. வழியில குணாவையும் ஏத்திகினோம்.

படகு கேப்டன் ஊட்டுக் கொட்டாய்ல, டிரெய்லர் மேல, ஒல்லி உடம்பு ரெண்டையும் கை மாதிரி மடக்கிகினு இருந்துச்சு. உமா ஸ்டூல்ல உட்கார்ந்து பேப்பரைப் பார்த்தா. குணா படகுல குஷன் இருக்கான்னு பார்த்தா. நான் அஞ்சு ரூபா காசை எடுத்து உடம்பு பூரா தட்டிகினே வந்தேன்.

"என்ன செய்றீங்க?"ன்னாரு கேப்டன்.

"நல்லா இருந்தா டங்குன்னும் சார். உள்ள ஒட்டு விட்டுப்போயிருந்தா தொப்புன்னும். தண்ணி டேங்குக்கும் இதேதான்."

இடது பக்கத்து ஒல்லி உடம்புல, உள்ளங்கை அகலத்துக்குத் தொப்புன்னுச்சு. அது நம்ம வேலை, பயமில்ல. ஆனா அந்தக் கை மடங்குற இடத்துல என்ன பார்க்கணும்னு சுத்தமா மறந்துபோச்சு. நீ சொல்லியிருக்கன்னு மட்டும் ஞாபகம். ஓரமாப் போய் உன் வாய்ஸைத் தேடி அமுக்கினேன். காதுகிட்ட கொண்டுபோறதுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சுட்ட, கொட்டாய் முழுக்க.

"அண்ணே, கை மடங்குற இடத்துல ரெண்டு பின் இருக்கும். ரெண்டையும் கழட்டிப் பாருங்க. ஒண்ணை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க. நீங்க வந்துடுவீங்க."

உமா பேப்பரை ஸ்டூல் மேல வெச்சா. பறக்காம இருக்க மேல கண்ணாடியைக் கழட்டி வெச்சா. எழுந்து வெளிய போய், வண்டியில ஏறிக் கதவைச் சாத்திகினா.

"இன்னாய்யா நீ, உனக்கு அறிவு கீதா?"ன்னா குணா. இல்லன்னுதான் எனக்கும் தோணிச்சு. கேப்டனுக்கு ஒண்ணும் புரியல, உள்ள போய் மோர் கொண்டாந்தாரு. அவ்ளோதான், இனிமே அந்தக் கதவு தொறக்காது, நானே சாத்திட்டேன்னு நெனச்சுகினு மோரைக் குடிச்சேன். ரெண்டாவது டம்ளரும் குடிச்சேன். செய்றதுக்கு வேற ஒண்ணும் இல்ல.

உமா வந்தா. மூக்கு செவந்திருந்துச்சு. என்னைப் பார்க்கல, கேப்டனைப் பார்த்தா.

"பின்னை இன்னும் கழட்டலையே சார். அவர் ரெண்டுன்னு சொன்னாரே."

கழட்டினோம். மொதல் பின் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது ஒரு பக்கமாத் தேஞ்சு, பென்சில் மாதிரி ஆயிருந்துச்சு. கேப்டன் எனக்கு இன்னொரு டம்ளர் மோர் ஊத்தினாரு.

அதுக்கப்புறம் போன் என் கைக்கு வரல. உமா ஒவ்வொண்ணா அமுக்கினா, நீ சொன்ன, நாங்க செஞ்சோம். டிரெய்லர் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு, உறுமுதான்னு கேட்டோம். பாய்மரப் பாயைத் தரையில விரிச்சு, தையலை இழுத்துப் பார்த்தோம். பேக்டரியில பாகத்தைச் சோதிச்சு அனுப்புறவன் நீ. செத்தும் ஒரு படகைச் சோதிச்சுட்ட.

கடைசியா அவ அமுக்கினது எதுன்னு உனக்கே தெரியும். தடுக்கலாம்னு கையை நீட்டினேன், முடியல.

"அண்ணே, உமாவுக்கு எது சாஞ்சாலும் வாந்தி வரும். ஷேர் ஆட்டோல பூந்தமல்லி தாண்டமாட்டா. ஒத்தை உடம்புப் படகு காத்தடிச்சா சாயும். இது அவ்வளவு சாயாது. அதுக்குத்தான் மூணு கேக்குறேன். அவகிட்ட சொல்லிடாதீங்க, கோச்சுக்குவா."

கேப்டன் கடல் பக்கம் திரும்பிகினாரு. உமா என் பக்கம் திரும்பினா.

"இதைக் கேட்டுட்டா மாமா கட்டைவிரல் போட்டீங்க?"

"கேக்காமத்தான் போட்டேன்."

சிரிச்சா சகலை. சத்தம் வரல, தோளு மட்டும் குலுங்குச்சு. சிரிப்பு எது, அழுகை எதுன்னு பிரிச்சுப் பார்க்க நான் போகல. அப்புறம் கண்ணாடியை மாட்டிகினு, "எடுத்துக்கறோம் சார். அந்தப் பின்னுக்குக் குறைச்சுக்குங்க"ன்னா.

வண்டலூர்லேர்ந்து வெளிவட்டச் சாலையில இழுத்துகினு வந்தோம். உமா வழி நெடுக நாப்பத்தொண்ணையும் அவ போனுக்கு அனுப்பிகினே வந்தா. டோல்ல இருந்த பையன் பின்னால எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, ஏரோபிளேனா?"ன்னான். "பறக்காதுப்பா, அதான் உன் கேட்டு வழியா வர்றோம்"னேன். மேனாம்பேட்டுல எறங்கினதும் குணா எலுமிச்சம்பழத்தோட நின்னு, சக்கரத்துக்கு ரெண்டு வெச்சுட்டு, படகுக்கு எங்க வெக்கிறதுன்னு தெரியாம மீதி ஒண்ணை ஜூஸ் போட்டுட்டா.

தொப்புன்ன இடத்தை வெட்டி எடுத்துட்டு நானே ஒட்டினேன். பின்னை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுல லேத்துல கடையக் குடுத்தேன். வந்ததும் உமா உன் வெர்னியரை எடுத்துகினு பட்டறைக்கே வந்துட்டா. அளந்தா. மயிரிழை பெருசா கீதுன்னு திருப்பி அனுப்பினா. உன் பொண்டாட்டிதான்.

போன ஞாயித்துக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனோம். எங்களுக்கு ஓட்டத் தெரியாது, அதனால அங்க ஒரு படகுக்கார அண்ணனைக் கூட ஏத்திகினோம். எல்லாருக்கும் மிதக்குற ஜாக்கெட் மாட்டி, உமா ரெண்டு தரம் பக்கிள் பார்த்தா. பாய் ஏறினதும் சத்தமே இல்லாம நகர்ந்துச்சு. உமா முன்னால, உடம்புங்களுக்கு நடுவுல கட்டியிருக்குற வலையில காலை நீட்டி உட்கார்ந்துகினா. அவ வாந்தி எடுக்கல. எடுத்தது குணா. அதுல படகு மேல தப்பில்ல, பொன்னேரியில தின்ன பூரி.

ஒரு வாய்ஸ்ல நீ உட்காருவேன்னு சொன்ன இடத்துல யாரும் உட்காரல. யாரும் சொல்லிக்கவும் இல்ல. அங்கேர்ந்து பார்த்தா எப்படித் தெரியும்னு நீ எதுலயாவது சொல்லியிருக்கியா? இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கணும்.

வாக்கு ஒண்ணு குடுக்குறேன். மாசம் ஒரு தரம் உமாவைத் தண்ணிக்குக் கூட்டிகினு போவேன். கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பின்னையும் பார்ப்பேன். மத்த ஞாயித்துக்கிழமை எல்லாம் சேக்காட்டுக்குப் போய், உமா போன்ல உன் வாய்ஸ் ஒண்ணை முழுசாக் கேட்டுட்டு வருவேன். எனக்கு வேற வழியும் இல்ல.

ஏரி நடுவுல, நான் அவளைப் போட்டோ எடுத்துகினு இருந்தேன். அவ திரும்பி, "எப்படி இருக்கு மாமா?"ன்னு கேட்டா. நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். போன் அந்தக் கையிலதான் இருந்துச்சு. இப்போ ஏரிக்கு அடியில கீது.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டியோட அக்காவைக் கட்டின பாவத்துக்கு உனக்குச் சகலையான,
ஏகாம்பரம்,
மேனாம்பேடு